முப்பத்தெட்டுப் பொன்னாடை

அந்தப் பையை மட்டும் மிதிச்சிராதீங்க தம்பி. உள்ள பொன்னாடை இருக்கு. எண்ணி முப்பத்தெட்டு. என்னது, கல்யாணமா? கல்யாணத்துக்கு எவனாவது முப்பத்தெட்டுப் பொன்னாடை வாங்குவானா? விழா தம்பி, பாராட்டு விழா. எங்க ஊர்ப் பொம்பளப் பிள்ளைக வாலிபால்ல மாவட்டத்துலயே முதல் பரிசு வாங்கியிருக்கு. பேப்பர்ல பாத்திருப்பீங்களே? பாக்கலியா? ஒரு மூலையில போட்டிருந்தான். என் பேரு அதுல இல்ல. அதனாலதான் விழா.

நீங்க எதுவரைக்கும்? தென்காசியா? நல்லதாப் போச்சு. நான் ஆலங்கிணத்துல இறங்கிருவேன். முக்கா மணி நேரம் இருக்கு. பையை மடியில வச்சுக்கிடட்டுமா? இல்ல, வேண்டாம், உங்க மடியில இருக்கட்டும். எனக்கு முட்டு வலி.

என் பேரு ஆவுடையப்பன். ஆலங்கிணறு பஸ் ஸ்டாண்டுல இறங்கி யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க, பாத்திரக் கடை ஆவுடையப்பன்னு. ஊர்ல எந்தப் பொதுக் காரியம்னாலும் ரசீது புஸ்தகம் நம்ம கையிலதான். கோயில் கொடைக்கு வசூலா, நான். ரத்த தான முகாமா, நான். எவனாவது பெரிய மனுசன் மண்டையப் போட்டா இரங்கல் கூட்டத்துக்குப் பந்தல் போட வசூல் பண்ணணுமா, அதுவும் நான். முப்பது வருஷமா இதே சோலிதான். கடையை யாரு பாக்கான்னு கேக்காதீங்க. அது பாட்டுக்கு ஓடும்.

இப்பேர்ப்பட்டவனைப் பாத்து எஸ்தர் டீச்சர் என்ன சொல்லுச்சு தெரியுமா? எங்க ஊர் ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். பெத்தவங்க கூட்டத்துல, அத்தனை பேரு முன்னாலயும், நான் முன் வரிசையில உக்காந்திருக்கேன், எந்திரிச்சு நின்னு சொல்லுது: "இனிமே நம்ம பிள்ளைகளுக்காக யாரும் வசூல் பண்ண வேண்டாம். வசூலால பிள்ளைகளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல." பிரயோஜனம் இல்லையாம்! நல்லா கை தட்டுதாக தம்பி, பெத்தவங்க. பீடி சுத்துற பொம்பளைக எல்லாம் கை தட்டுதாளுக. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்க வெளியூர்க்காரர், எந்தப் பக்கமும் சாயாத ஆளு. முழுசாக் கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

போன வருஷம் நடந்த கதை. ஆவணி மாசம் ஒரு நாள் சாயந்திரம், கடையில நல்ல யாவாரம். எஸ்தர் டீச்சர் வாராக. அப்ப மரியாதையாத்தான் இருந்தாக. கூட ஒரு பிள்ளை. ஒசரம்னா ஒசரம், அப்படி ஒரு ஒசரம். முப்புடாதின்னு பேரு. டீச்சர் சொல்லுதாக, "அண்ணாச்சி, உங்க வேனை ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க. டீசல் நாங்க போட்டுக்கிடுதோம். பன்னெண்டு பிள்ளைகளைத் திருநெல்வேலிக்குப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டுக் கூட்டியாரணும்." எனக்கு ஒரு வேன் இருக்கு பாத்துக்கோங்க. பதினாறு சீட்டு. முகூர்த்த நாள்ல வாடகைக்குப் போகும், மத்த நாள்ல கடைக்குப் பின்னால சும்மா நிக்கும். இன்னைக்கு ஏன் நான் பஸ்ல வாரேன்னு கேப்பீங்க. நாளைக்கு விழாவுக்கு விருந்தாளிகளைக் கூட்டியாரணும்லா? கழுவித் துடைச்சு நிப்பாட்டியிருக்கேன். தூசி பட்டிரக் கூடாது.

நான் டீச்சர்கிட்ட சொன்னேன், "எதுக்கு டீச்சர் அனாதைப் பிள்ளைக கணக்கா ஓசி வேன்ல போகணும்? ஊர்ல பெரிய மனுசங்க இல்லையா? நான் இல்லையா? ஒரு குழு போடுதேன். வசூல் பண்ணுதேன். வேன் என்ன வேன், பிள்ளைக கார்ல போகும்." டீச்சர் முகத்துல சந்தோசத்தையே காணல. "குழுவெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. வேன் போதும். இன்னும் அஞ்சு வாரந்தான் கெடக்கு, பிள்ளைக பழகணும்"னாக. பொறவு இந்தப் பிள்ளையக் காட்டி மெதுவாச் சொன்னாக. மாவட்டப் போட்டிக்கு விளையாட்டு விடுதியில இருந்து ஆள் எடுக்க வாராகளாம். எடுத்துட்டா படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் சும்மா. இவளுக்கு இதுதான் கடைசி வருஷமாம், அடுத்த வருஷம் வயசு தாண்டிருமாம். அவ அம்மைக்கு பீடிதான் பொழப்பு. "இது தப்பிப் போச்சுன்னா இவளும் பீடித் தட்டைத்தான் மடியில வைக்கணும் அண்ணாச்சி"ன்னாக. பாவம்னுதான் இருந்துச்சு எனக்கு. இல்லேன்னா நான் ஏன் இதுல தலையக் குடுக்கேன்?

அதுக்குள்ள ஒரு அம்மா மேல் தட்டுல இருக்குற பித்தளைக் குடத்தைக் கேட்டுட்டு நிக்கா. ஏணியை எவனோ இரவல் வாங்கிட்டுப் போயிருந்தான். இந்த முப்புடாதி என்ன செஞ்சா தெரியுமா? நின்ன எடத்துல ஒரு எம்பு எம்புனா. குடம் கையில. சத்தமே இல்ல. நான் அப்பவே கவனிச்சு வச்சுக்கிட்டேன்.

மறுநாளே குழு போட்டாச்சு. ஆலங்கிணறு மகளிர் கைப்பந்து வளர்ச்சி நிதிக் குழு. முப்பத்தெட்டு பேரு. வெறும் உறுப்பினர்னு ஒருத்தன் கிடையாது, எல்லாருக்கும் பொறுப்பு. தலைவர் நான். துணைத் தலைவர் ஒம்பது பேரு. செயலாளர், இணைச் செயலாளர், துணைச் செயலாளர், கௌரவ ஆலோசகர். ஒருத்தனுக்கு ஒண்ணும் மிஞ்சலேன்னு பந்துப் பொறுப்பாளர்னு போட்டோம். பந்துதான் இன்னும் வாங்கல.

வசூல்னா சும்மா ரசீதைக் கிழிச்சுக் குடுக்குறதுன்னு நெனச்சுராதீங்க. ஒரு தொடக்க விழா வேணும். எங்க ஊர்ல காலியாக் கெடக்குற எடம் ஒண்ணே ஒண்ணுதான், பிள்ளைக ஆடுற அந்த கிரவுண்டு. அங்கதான் பந்தல் போட்டோம். டீச்சர் ஓடி வந்துட்டாக. "அண்ணாச்சி, கோர்ட்டு நடுவுல குழி தோண்டுதாங்களே"ன்னு. பந்தல்கால் நட குழி தோண்டாம அந்தரத்துலயா நிக்கும்? பொறவு மூடிக்கிடலாம்னேன். மூடுறதுக்குள்ள ஒரு மழை. ஒரு பிள்ளை அதுல கால வச்சு மடக்கிக்கிட்டு. ஒண்ணும் பெருசா இல்ல, கட்டுப் போட்டாங்க. அதான் பன்னெண்டு பேரு இருக்குல்லா, ஆடுறது ஆறு பேருதானே.

விழான்னா வரவேற்பு நடனம் வேணுமா இல்லையா? பிள்ளைகளுக்குப் பத்து நாள் நடனம் சொல்லிக் குடுக்க ஆள் போட்டேன். பந்து ஆடுற நேரத்துலதான் சொல்லிக் குடுக்க முடியும், மத்த நேரம் ஸ்கூலு. டீச்சர் மூஞ்சியத் தூக்கிட்டு நின்னுச்சு. ஆனா விழா அன்னைக்குப் பாக்கணுமே! முப்புடாதிதான் நடுவுல. எல்லாருக்கும் மேல ஒரு தலை ஒசரத்துல தெரியுதா. ஆடத் தெரியல, கட்டையா நிக்கா, அது வேற விசயம். பிளக்ஸ் கட்டுறதுக்கும் அவதான். கம்பத்து மேல ஒரு எம்பு, கயித்தை மாட்டிட்டு இறங்கிருவா. ஆள் கூலி மிச்சம்.

அதுக்கப்புறம் உண்டியல். பன்னெண்டு பிள்ளைகளையும் பஸ் ஸ்டாண்டு, சந்தை, ரேஷன் கடை வாசல்னு பிரிச்சு விட்டேன். முப்புடாதி பஸ் ஸ்டாண்டுல. தூரத்துல இருந்தே தெரியணும்லா? ரெண்டு வாரம், பள்ளிக்கூடம் விட்டதும் நேரா உண்டியலைத் தூக்கிட்டு வந்திரணும். ஞாயித்துக்கிழமைன்னா முழு நாளும். வெயில்ல கருத்துப் போச்சு பிள்ளை. ஒரு நாள் என்கிட்ட வந்து, "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் விடுங்க, பழகாம செர்வீஸ் போடக் கை வரமாட்டேங்கு"ன்னா. நான் சொன்னேன், "ஏட்டி, யாருக்காக நான் அலையுதேன்? உனக்காகத்தானே?" உண்டியலைத் தூக்கிட்டுப் போய் பஸ் வாசல்ல நின்னா.

என்ன தம்பி சிரிக்கீங்க? இல்லையா? சரி.

கணக்கா? கணக்கெல்லாம் பொதுக் காரியத்துல கேக்கப்பிடாது, மனசு சங்கடப்படும். பந்தல், மைக் செட்டு, பிளக்ஸு, நாலு கலர்ல ரசீது, குழுக் கூட்டத்துக்கு பிரியாணி. முப்பத்தெட்டு பேரும் சாப்பிடாம எப்படி வசூல் பண்ணுவான்? எல்லாம் போக ஒரு பந்து வாங்கினோம். நல்ல உசந்த பந்து. அதை மேடையில வச்சு சந்தனம், குங்குமம் வச்சு, நன்கொடை குடுத்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. இன்னும் என் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு, அப்படியே புதுசா. பிள்ளைக கையில குடுத்தா அழுக்காயிரும்லா? அதுகளுக்குப் பழைய பந்து இருந்துச்சு. வலையும் பழசுதான், ரெண்டு எடத்துல சணல் வச்சுக் கட்டியிருந்துச்சு, நல்லாத்தான் நின்னுச்சு.

மிச்சத்துல சட்டை. இங்கதான் என் தெறமையப் பாக்கணும். ரைஸ்மில் சுடலையாண்டிதான் பெரிய நன்கொடை. அவரு பேரை நெஞ்சுல போட்டேன். நகைக்கடை பிச்சையா சும்மா இருப்பாரா? "நான் என்ன அவனுக்குக் கொறஞ்சவனா?"ன்னாரு. முதுகு முழுக்க அவருக்கு. வலது கைக்கு மிட்டாய்க் கடை, இடது கைக்கு சவுண்டு சர்வீஸு. ஓரத்தைச் சுத்தி, பார்டர் கணக்கா, மத்த நல்லுள்ளங்கள் பேரு. இதயத்துக்கு நேரா ஒரு சின்ன எடம் கெடந்துச்சு, அதுல என் போட்டோ. உபயம், உபயம், உபயம்னு சட்டை ஜொலிக்கு. பிரிண்டு போடுறவன் கேக்கான், "அண்ணாச்சி, நம்பர் எங்க போட?" வேலையத்தவன். "எடம் இருந்தாப் போடு"ன்னேன். சட்டை நுனியில, காலணா அகலத்துக்குப் போட்டுட்டான். சட்டையை டவுசருக்குள்ள சொருகுனா தெரியாது. தெரியாட்டி என்ன? பன்னெண்டு பிள்ளைகளையும் டீச்சருக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியாதா?

போட்டி அன்னைக்கு வேன் கெளம்புச்சு. பிள்ளைகளா? இல்ல தம்பி, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பதினாறு சீட்டு. சுடலையாண்டி வரணும்னாரு, பிச்சையா அவரு மச்சானோட வரணும்னாரு, துணைத் தலைவர் ஒம்பது பேரு. காசு குடுத்தவன் தன் காசு ஆடுறதைப் பாக்க வேண்டாமா? பிள்ளைக அஞ்சரை மணி பஸ்ல போயிருச்சுக. சின்ன வயசு, நின்னுட்டே போகலாம். நாங்க வழியில பூரி சாப்பிட்டுட்டு, கரெக்டா முன் வரிசையில போய் உக்காந்துட்டோம். பிள்ளைக எங்களுக்குப் பின்னாலதான் வந்து சேந்துச்சு. பஸ் மாறி வரணும்லா.

பிள்ளைக சட்டையப் போட்டுட்டு வந்து நின்னுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு, பொய் சொல்லல. நடுவர் வந்தாரு. சுத்திச் சுத்திப் பாக்காரு. "நம்பர் எங்க?"ன்னாரு. டீச்சர் என்னத்தையோ சொல்லுது. வாலிபால்ல ஆள் மாறி மாறி நிக்கணுமாம், நம்பரை வச்சுத்தான் யாரு எங்க நிக்கான்னு எழுதணுமாம், நெஞ்சுலயும் முதுகுலயும் பெருசா இருக்கணுமாம். "பதினஞ்சு நிமிசம் தாரேன். நம்பரோட வரலேன்னா எதுத்த டீம் ஜெயிச்சதா எழுதிருவேன்"னு சொல்லிட்டாரு.

எஸ்தர் டீச்சர் என்ன காரியம் செஞ்சுது தெரியுமா? பிள்ளைகளைக் கூட்டிட்டு ஒரு ரூமுக்குள்ள போச்சு. மைக் செட்காரன்கிட்ட கறுப்பு டேப்பு வாங்கி, அத்தனை சட்டையையும் உள்வெளியாத் திருப்பி, டேப்பை வெட்டி நம்பரா ஒட்டிட்டுக் கூட்டியாருது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. உள்பக்கம் வெள்ளையா இருக்கு, ஒரு எழுத்து தெரியல. அத்தனை உபயமும் பிள்ளைக நெஞ்சோட ஒட்டிக்கிட்டு உள்ள கெடக்கு!

சுடலையாண்டி என்னைத் திரும்பிப் பாத்தாரு. "என் பேரு எங்கவே?"ன்னாரு. அப்படிக் கேட்டா நீங்க என்ன செய்வீங்க? நான் மானஸ்தன் தம்பி. நேரா கோர்ட்டுக்குள்ள எறங்கிட்டேன். "சட்டையத் திருப்புங்க"ன்னேன். டீச்சர் கையெடுத்துக் கும்பிடுது. "அண்ணாச்சி, உங்க கால்ல விழுதேன், இன்னும் நாலு நிமிசந்தான் இருக்கு, வெளிய போங்க." அந்த முப்புடாதி இருக்காளே, அதுவரைக்கும் எங்கிட்ட எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ, அவ சொல்லுதா: "அண்ணாச்சி, ஆடி முடிச்சுட்டு நாங்களே திருப்பிப் போட்டுட்டு வந்து நிக்கோம். எத்தனை போட்டோ வேணும்னாலும் எடுங்க. இப்ப விட்டுருங்க. அந்தா அவுக வந்திருக்காக." கையக் காட்டுதா. அங்க மூணு பேரு நோட்டும் பேனாவுமா உக்காந்திருக்காக. விளையாட்டு விடுதி ஆளுக.

நானும் மனுசன்தானே, எறங்கி வந்தேன். "சரி, சட்டையத் திருப்ப வேண்டாம். ஆனா நன்கொடை குடுத்த நம்ம குழுக்காரங்க முப்பத்தெட்டு பேரு பேரையும் ஒரு தடவை வாசிச்சுருதேன். ரெண்டே நிமிசம்"னேன். யாரும் வேண்டாம்னு சொல்லல. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேக்கல, மைக்கு என் கைக்கு வந்துட்டு. மைக் செட்காரன் நமக்குப் பழக்கம். கோர்ட்டு நடுவுல போய் நின்னேன். நடுவுல நின்னாத்தானே நாலு பக்கமும் தெரியும்? ஆரம்பிச்சேன். கல்வித் தந்தை, வள்ளல், ரைஸ்மில் அதிபர் சுடலையாண்டி அவர்கள். மாண்பமை நகைக்கடை பிச்சையா அவர்கள். பட்டத்தை விட்டுட்டு வாசிச்சா மனுசனுக்கு மரியாதையா? நடுவர் விசில் அடிச்சாரு. நான் அதை மரியாதைக்கு அடிக்காருன்னுதான் நெனச்சேன். திரும்ப அடிச்சாரு. நான் இருவத்தி நாலாவது பேருல இருந்தேன். மூணாவது விசிலுக்கு எதுத்த டீம் பிள்ளைக குதிக்குதுக. என்னன்னு பாத்தா, நேரம் முடிஞ்சுட்டாம். அவுக ஜெயிச்சுட்டாகளாம். ஆடாமலே!

நான் விடல. முப்பத்தெட்டையும் வாசிச்சுட்டுத்தான் வெளிய வந்தேன். ஆரம்பிச்ச காரியத்தைப் பாதியில விடுறவன் இல்ல நான்.

அந்த விடுதிக்காரங்க நோட்டை மூடிட்டு அடுத்த கோர்ட்டுக்குப் போயிட்டாக. ஆடாத பிள்ளைய எப்படி எடுப்பாக, அவுகளைச் சொல்லிக் குத்தமில்ல. டீச்சர் தரையில உக்காந்துட்டு. மத்த பிள்ளைக எல்லாம் ஓன்னு அழுதுச்சுக. முப்புடாதி மட்டும் அழல. முதுகுல கை எட்டல போல, ஒரு பிள்ளைய விட்டு டேப்பை உரிக்கச் சொல்லி நின்னா. ஒவ்வொண்ணா உரிச்சு உருட்டி, மைக் செட்காரன்கிட்ட போய்க் குடுத்துட்டு வந்தா. அழுத்தக்காரி. நான் போய் ஆறுதல் சொன்னேன், "ஏட்டி, பேரெல்லாம் அவங்க காதுலயும் விழுந்துருக்கு, நம்ம ஊருக்கு மரியாதைதான்"னு. எனக்கு முதுகைக் காட்டிட்டு பஸ்ஸுக்கு நடந்துட்டா. அவ்வளவுதான்.

மறு வாரம் பன்னெண்டு சட்டையும் கடைக்கு வந்துட்டு. துவைச்சு, தேச்சு, மடிச்சு. கல்லா மேல வச்சுட்டுப் போயிட்டாக. ஒரு வார்த்தை இல்ல, நன்றின்னு ஒரு துண்டுச் சீட்டு இல்ல. நல்ல துணி, தூரப் போட மனசு வருமா? கடையில பாத்திரம் துடைக்க வச்சிருக்கோம். பித்தளைக்கு அருமையா இருக்கு.

இந்த வருஷந்தான் நான் சொன்ன அந்தக் கூட்டம். வசூல் வேண்டாமாம். வெள்ளை பனியன் வாங்கி, போர்டு எழுதுறவனை விட்டு நம்பரை மட்டும் பெருசா எழுதி, டவுன் பஸ்ல ஏறிப் போயிருக்குக. பெத்தவளுக முறை வச்சு சோறு கட்டிக் குடுத்திருக்காளுக. நான் போய்ப் பாத்தேன். கடைசி வரிசையில நின்னு பாத்தேன், எவனும் வாங்கன்னு சொல்லல. பனியன்ல ஒரு பேரு இல்ல தம்பி! முன்னாலயும் நம்பரு, பின்னாலயும் நம்பரு. ஜெயில்ல இருந்து வந்த மாதிரி. எனக்கு அவமானமாப் போச்சு. அதுல பாருங்க, வரிசையா ஜெயிச்சுட்டே வருதுக. நாலு பிள்ளைகளை விடுதிக்கு எடுத்துட்டாக.

முப்புடாதியா? அவளுக்குத்தான் வயசு தாண்டிட்டே. பத்தாவதோட படிப்பும் நின்னுட்டு. அப்ப யாரு கை குடுத்தா? நான்தான். "பீடி சுத்த வேண்டாம்ட்டி, கடைக்கு வா"ன்னேன். வேலை போட்டுக் குடுத்தேன். இந்தா இப்ப ஆறு மாசமாகுது. விடியக்காலம் அஞ்சரைக்கு கிரவுண்டுக்குப் போயிருதா, அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து தூக்கிப் போட்டு, இப்படி அடி, அப்படி எம்புன்னு சொல்லிக் குடுத்துட்டு, ஒம்பது மணிக்கு வேர்த்து விறுவிறுத்து கடைக்கு வாரா. நான் கண்டிச்சு வச்சிருக்கேன். கடைக்குன்னு ஒரு தெம்பு வேணும்லா?

டீச்சர் பேப்பர்க்காரன்கிட்ட சொல்லியிருக்கு, "ஜெயிச்சதுக்கு முப்புடாதிதான் காரணம், அவ சொல்லிக் குடுத்துத்தான் பிள்ளைக ஆடுச்சு"ன்னு. நல்லாக் கவனிங்க. முப்புடாதி யாரு கடையில வேலை பாக்கா? என் கடையில. சம்பளம் யாரு குடுக்கா? நான். அப்ப ஜெயிச்சதுக்குக் காரணம் யாரு? இவ்வளவு லேசான விசயம் அந்தப் படிச்ச பொம்பளைக்கு வெளங்கலியே! அதான் குழுவைக் கூட்டிப் பேசி, நாங்களே விழா எடுக்கோம். முப்பத்தெட்டு பேருக்கும் பொன்னாடை.

பிள்ளைகளுக்கா? ஆளுக்கொரு பேனா. அதுகளுக்கு எதுக்குப் பொன்னாடை, போத்திட்டு எங்க போகப் போகுதுக? ஆனா வர மாட்டோம்னு சொல்லிருச்சுக. மாநிலப் போட்டிக்குப் பழகணுமாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த கிரவுண்டுலதான் ஆடிட்டு இருக்கும், பந்து சத்தம் மேடைக்குக் கேக்கும். இந்த வாட்டி பந்தல் போட எடமும் தரலியே, ஹெட்மாஸ்டர் முடியாதுன்னுட்டாரு. பரவால்ல. மேடை பஸ் ஸ்டாண்டுல. பிள்ளைக வராட்டி விழா நின்னு போயிருமா? மேடை நெறைய நாங்க இருக்கோம்லா. முப்புடாதியும் லீவு கேட்டா, கிரவுண்டுக்குப் போகணும்னு. தர முடியாதுன்னுட்டேன். தாம்பாளத்துல பொன்னாடை ஏந்திட்டு வர ஒரு ஆள் வேணும். ஒசரமான பிள்ளை, மேடைக்கு எடுப்பா இருக்கும்.

என்ன கேட்டீங்க? வசூலால பிள்ளைகளுக்கு என்ன கிடைச்சுதா? இது என்ன தம்பி கேள்வி? ஊர் ஒத்துமை கிடைக்கல? முப்பத்தெட்டு பேருக்குப் பொறுப்பு கிடைக்கல? ஒரு பிள்ளைக்கு வேலை கிடைச்சிருக்கே, கண்ணு முன்னால! வசூல் பண்ணலேன்னா அவ இன்னைக்கு என் கடையில இருப்பாளா? எங்கேயோ ஒரு விடுதியில, ஊரு பேரு தெரியாத எடத்துல கெடந்திருப்பா. நீங்களும் அந்த டீச்சர் மாதிரியே பேசுதீங்களே.

சரி, அது கெடக்கட்டும். இந்தா ரசீது புஸ்தகம். அடுத்து பையன்களுக்கு கபடிக்கு ஆரம்பிக்கோம். ஒரு நூறு குடுங்க, உங்க பேரையும் மைக்குல வாசிக்கேன். சில்லறை இல்லையா? பஸ்ல ஏறும்போது ஐநூறு நீட்டுனதைப் பாத்தேனே. சரி சரி, மனசு வரும்போது குடுங்க.

ஆலங்கிணறு வந்துட்டு. டிரைவர் இங்ஙன நின்னும் நிக்காமத்தான் எடுப்பான், முட்டு வலியோட பையையும் தூக்கிட்டு எனக்கு இறங்க ஏலாது. அந்தா பாருங்க, கடை வாசல்ல கையில துணியோட நிக்கா பாருங்க, அவதான். ஏ முப்புடாதி! ஏட்டி, இங்க, இந்த ஜன்னலு! ஓடி வா! தம்பி, நீங்களே பையை ஜன்னல் வழியா நீட்டுங்க. கீழ விழாது, பயப்படாதீங்க. இன்னும் மேல தூக்கி நீட்டுங்க. அவளுக்கு ஒசரம் ஒரு பொருட்டே இல்ல.

ஆங், விடுங்க.

பாத்தீங்களா? ரெண்டு காலும் தரையிலயே இல்ல! எங்க பிடிச்சா பாத்தீங்களா, ஜன்னலுக்கும் மேல! இப்படித்தான் தம்பி, மேல் தட்டுல இருக்குற அண்டா, குடம், தூக்குவாளி எல்லாத்தையும் ஒரு எம்புல எடுத்துருவா. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு கீழ விழுந்ததில்ல. அவ வந்ததுல இருந்து கடையில ஏணியே வேண்டாம்னு வித்துட்டேன்.